பேர் வருமுன் பாடியவர்கள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடல் விழாவில், கீழ்பென்னாத்தூரில் ஆற்றிய உரை)



"கால் மணி நேரம் பேசு, அதுக்கு மேல போனா சாம்பார் ஆறிடும்" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். பந்திக்கு முன் பேசுகிறவனுக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "நாட்டுப்புறக் கலையும் நாமும்". தலைப்பு பெரிசு. அதில் ஒரு சின்ன மூலையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பாட்டுக்காரர்கள் பேர் வாங்குவதற்கு முன்னால் எப்படி இருந்தார்கள்? அப்போது அவர்களை யார் பார்த்தார்கள்? யார் பதிந்து வைத்தார்கள்? இதுதான் அந்த மூலை.

இந்தச் சிந்தனையைக் கிளப்பியது ஒரு அமெரிக்க ஆவணப் படம். மடிக்கணினியில் என் மகள் போட்டுக் காட்டினாள். பெயர் "ஹார்ட்வோர்ன் ஹைவேஸ்". நடந்து நடந்து மனசு தேய்ந்த சாலைகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜேம்ஸ் சலாப்ஸ்கி என்பவர் 1975 கடைசியிலும் 1976 தொடக்கத்திலும் டெக்சாஸ், டென்னசி மாநிலங்களில் எடுத்தது. தியேட்டருக்கு வந்தது 1981-ல். அந்த நாட்டுக் கிராமியப் பாட்டு மரபில் வந்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டிச் சொந்தமாகப் பாடுகிற சிலரின் பின்னால் கேமராவோடு போயிருக்கிறார். அவ்வளவுதான் படம். பின்னணியில் விளக்கம் சொல்லும் குரல் கிடையாது. "இவர் பிற்காலத்தில் மாமேதை ஆவார்" என்று யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அப்போது யாருக்கும் தெரியாதே!

கய் கிளார்க் என்பவர் உட்கார்ந்து கிடாரைப் பழுது பார்க்கிறார். நம்ம ஊரில் மத்தளத்துக்கு வார் இழுத்துக் கட்டுகிற மாதிரி அவ்வளவு நிதானம். டவுன்ஸ் வான் சான்ட் என்பவர் வீட்டுப் பக்கத்தில் முயல் வளைக்குள் விழுந்துவிட்டது போல நடித்து வேடிக்கை காட்டுகிறார். 1975-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் முந்தின ராத்திரி, கிளார்க் வீட்டு மேசையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பாடுகிறார்கள். அதில் ஸ்டீவ் ஏர்ல் என்று ஒரு பையன். வயசு 20. அவனுடைய முதல் முழு இசைத்தட்டு வெளிவர இன்னும் பதினோரு வருஷம் ஆகும், 1986-ல். பக்கத்தில் இருக்கும் ராட்னி க்ரோவெல் கொடி கட்டிப் பறந்தது 1988-ல். அன்றைக்கு அந்த மேசையில் யாரும் பிரமுகர் இல்லை. பாட்டு இருந்தது. சிரிப்பு இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பாட்டில்களும் இருந்தன!

படத்தில் என்னை உலுக்கிய இடம் வேறு. வான் சான்ட் ஒரு பாட்டுப் பாடுகிறார். பக்கத்தில் சீமோர் வாஷிங்டன் என்ற கறுப்பினத்துப் பெரியவர். எண்பதை எட்டப்போகிற வயசு. கொல்லுப்பட்டறை வேலை செய்து உரமேறிய உடம்பு. பாட்டைக் கேட்கக் கேட்க அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. அவர் பாடகர் இல்லை, கேட்கிறவர். கேமரா கேட்பவரையும் பிடித்து வைத்தது. வான் சான்ட் 1997 ஜனவரி முதல் நாள் தம் 52-வது வயதில் இறந்துபோனார். கிளார்க் 2016-ல் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெரியவர் என்றைக்கோ போய்விட்டார். ஆனால் அந்தக் கண்ணீர் மட்டும் இன்னும் காயவில்லை.

"அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்குய்யா" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சரி, நம் கதைக்கு வருவோம்.

அந்தப் படம் எடுத்த அதே நேரத்தில் நம் தமிழ்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒரு இளைஞர் சென்னையில் மற்ற இசையமைப்பாளர்களிடம் வாசித்துக்கொண்டு, தனக்கென்று ஒரு படம் கிடைக்குமா என்று காத்திருந்தார். 1976 மே மாதம் "அன்னக்கிளி" வெளிவந்தது. அதற்குப் பிறகு இளையராஜா என்ற பெயரைத் தமிழனுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முந்திய கதையை நினைத்துப் பாருங்கள். மூத்த அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியவர். சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் அன்றைய அரசியலைப் போட்டுப் பாடுவார். 1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி. அங்கே பாவலர் போய்ப் பாடினார். பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்தக் குழுவில்தான் தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர் எல்லோரும் ஊர் ஊராகப் போனார்கள். பதினாலு பதினைந்து வயசில் ராஜா அந்த மேடை ஏறினார். பிறகு சென்னைக்குப் புறப்பட்டபோது, வீட்டிலிருந்த ரேடியோவை விற்று அம்மா சின்னத்தாய் 400 ரூபாய் கொடுத்தனுப்பியதை இளையராஜாவே மேடைகளில் சொல்லியிருக்கிறார். தம்பியின் முதல் படத்தைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை.

அந்த இருபது வருஷத்துக் கதை நமக்கு எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும் பின்னாளில் தம்பிகள் சொன்ன நினைவுகளாகத்தான். தேவிகுளத்து மலைச்சரிவில் தோட்டத் தொழிலாளிகள் நின்று கேட்டார்களே, அவர்கள் முகத்தை எந்தக் கேமராவும் நமக்குக் காட்டவில்லை.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-ல் பிறந்து 1959-ல் முடிந்துபோன ஆயுள். இருபத்தொன்பதே வயசு. மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், நாடகத்தில் நடித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் ஒரு பெரிய பட்டியலே போடுகிறார்கள். வயல் வரப்பில் அவர் எப்படிப் பாடினார், யார் கேட்டார்கள் என்பதை நாம் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும்.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்குப் பிலிம் சுருள் என்பது தங்கம் மாதிரி. கேமரா இருந்த இடங்கள் சினிமா ஸ்டூடியோக்களும் அரசாங்கத்தின் செய்திப்படப் பிரிவும்தான். சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975 ஆகஸ்டு 15-ந் தேதிதான் தொடங்கியது. ஆனால் அகில இந்திய வானொலிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் 1985-ல் "ஆண்பாவம்" படத்தில் நடிப்பதற்கு முன்பே வானொலியில் பாடியவர். கிட்டத்தட்ட நூறு வயது வரை வாழ்ந்து 2025-ல்தான் மறைந்தார். பரவை முனியம்மா ஊர் ஊராகப் பாடிவந்தவர். 2003-ல் "தூள்" படம் வந்த பிறகுதான் பட்டிதொட்டியெல்லாம் தெரிந்தார். அப்போது அவர் பாட்டியாகிவிட்டார்! அதற்கு முன் பாடிய பாட்டெல்லாம் பாட்டில்லையா?

அடுத்த தலைமுறையையும் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து அந்தோணிதாசன் கரகாட்டக் குழுவோடு ஊர் சுற்றியவர். சின்னப்பொண்ணு அம்மையார் எத்தனையோ மேடைகளில் பாடிய பிறகுதான் 2008-ல் "நாக்க முக்க" வந்தது. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமத்துக் கலைஞர்களைப் பூங்காவிலும் தெருவிலும் கொண்டுவந்து நிறுத்தியது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே நம் திருவண்ணாமலையில் முற்போக்கு எழுத்தாளர்கள் நடத்திய கலை இரவுகளில் விடிய விடிய உட்கார்ந்து, பேர் தெரியாத குரல்களைக் கேட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். கை தூக்கச் சொல்ல மாட்டேன். வயசு தெரிந்துவிடும்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். இந்த ஆண்டுக் கூடலைக் கீழ்பென்னாத்தூரில் வைத்தது ரொம்பப் பொருத்தம். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பூமி கூத்துப் பூமி. திரௌபதை அம்மன் கோயில் இல்லாத பக்கம் உண்டா இங்கே? பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. ஆல்ஃப் ஹில்டபைடல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நம் பக்கத்துத் திரௌபதை வழிபாட்டை ஆராய்ந்து 1988-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். மேலச்சேரிக் கோயில் அதில் வருகிறது. செஞ்சிப் பக்கத்துத் திருவிழாக்களைப் படமாகவும் எடுத்து வைத்தார். நம் மாவட்டத்துப் புரிசைக் கூத்து உலகம் சுற்றி வந்திருக்கிறது. அதெல்லாம் நமக்குப் பெருமைதான்.

ஆனால் கூத்துக்கு மேடை உண்டு, விளக்கு உண்டு, வாத்தியார் உண்டு. நடவுக்கும் களைக்கும் ஒப்பாரிக்கும் என்ன உண்டு? மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டுகிறபோது ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதற்கு யார் வாத்தியார்? கவலை ஏற்றம் போய்ப் பம்புசெட் வந்ததும் ஏற்றப்பாட்டு நின்றது. நடவு இயந்திரம் வந்தால் நடவுப்பாட்டும் நிற்கும். வேலை நிற்கும்போது அந்த வேலையின் பாட்டும் நிற்பது இயற்கை. இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். குனிந்து நட்டவள் இடுப்புக்கு அது நல்லதுதான். ஆனால் பாட்டையும் சேர்த்துப் புதைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

போன தை மாசம் என் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரும் நானும் இங்கே பக்கத்து ஊரில் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனோம். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பேரை இங்கே சொல்லவில்லை, காரணம் பிறகு சொல்கிறேன். அந்த அம்மா பழைய பாட்டு மட்டும் பாடுகிறவர் இல்லை. தானே கட்டுவார். மழை பொய்த்த வருஷத்துக்கு ஒரு பாட்டு. மல்லாட்டை விலை விழுந்ததுக்கு ஒரு பாட்டு. மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில் தண்ணீர்க் கஷ்டம் என்று ஒரு பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பாட்டு எந்த வருஷம் கட்டியது என்று, "பெரிய மவ வயித்துல இருக்கசொல்ல" என்று கணக்குச் சொல்கிறார்.

கைப்பேசியை எடுத்து வைத்தோம். அவர் பாட ஆரம்பிக்கவில்லை. எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"எம் பாட்ட எடுத்துகினு போயி இன்னா பண்ணுவீங்க?"

"பத்திரமா வெப்போம்மா. எல்லாரும் கேக்கட்டும்னுதான்."

"கேக்கட்டும், கேக்கட்டும். எம் பேரு போடுவீங்களா?"

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "முன்ன ஒரு பாட்ட கெழவி ஒருத்தி கட்டுனா. இப்ப அத ரேடியோ பொட்டியில பாடறாங்கோ. எவ கட்டுனான்னு எவனுக்குத் தெரியும்? ஊரு பாட்டுன்றாங்கோ. ஊரா கட்டுச்சி?"

நண்பர்களே, இந்தக் கேள்வியை நான் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். "ஊரா கட்டுச்சி?" நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் தெரியாது என்று கல்லூரியில் இலக்கணமாகவே படித்தோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். ஆயிரம் வருஷப் பாட்டுக்கு அது சரி. கை மாறி வாய் மாறி வந்த பாட்டில் பலருடைய வேலை இருக்கும். ஆனால் போன வருஷம் ஒரு அம்மா கட்டிய பாட்டுக்கு ஆசிரியர் தெரியாது என்று எழுதுவது இலக்கணமில்லை, அசட்டை. ராட்னி க்ரோவெல் கட்டினால் அவர் பேரில் பதிவாகிறது, காசு வருகிறது. நம் அம்மா கட்டினால் அது "ஊர்ப் பாட்டு". சினிமாவில் சேர்ந்தால் மெட்டுக்கு ஒருவர் பேர், வரிக்கு ஒருவர் பேர், பாடியவருக்கு ஒரு பேர் என்று மூன்று பேர் போடுவார்கள். நாலாவது பேர்தான் விழுந்துபோகிறது.

இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை 1964-ல் "தமிழர் நாட்டுப் பாடல்கள்" தொகுப்பைக் கொண்டுவந்தார். அதைப் புரட்டிப் பாருங்கள். பல பாட்டுகளின் கீழே உதவியவர் யார், சேகரித்தவர் யார், எந்த இடம் என்று அச்சிட்டிருக்கும். மூன்றே மூன்று வரி. அந்த மூன்று வரி ஒரு பெரிய மரியாதை. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மையார் பேராசிரியராக இருந்துகொண்டே கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டுச் சேர்த்தார், மேடையிலும் பாடினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். வழி காட்டிகள் இருக்கிறார்கள்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு வருகிறது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். பாடுகிறவர், ஆடுகிறவர், நடிக்கிறவர் எவருக்கும் தம் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு என்று அது சொல்கிறது. அனுமதி இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. படித்த நாமே இதைச் சொல்லாவிட்டால் அந்த அம்மாவுக்கு யார் சொல்வார்கள்?

அவர் பேரை இங்கே நான் சொல்லாததற்குக் காரணமும் இதுதான். பாட்டோடு பேரைப் போடச் சொன்னாரே தவிர, விழா மலரில் போடச் சொல்லவில்லை. எங்கே போடலாம், எங்கே வேண்டாம் என்பதை அவரும் அவர் பிள்ளைகளும்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டுவிட்டு அவர் பாடினாரா என்கிறீர்களா? பாடினார். எங்களிடமிருந்த நோட்டைத் திறக்கச் சொல்லி, தன் பேரையும் தன் தாயார் பேரையும் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் பாடினார். ஏழு பாட்டு. நடுவில் மூச்சு வாங்கியது. மூன்றாவது பாட்டுக்குத் தெருப் பெண்கள் இரண்டு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்து பின்பாட்டு வாங்கினார்கள். அப்போது குரல் எப்படி ஏறியது தெரியுமா! தனியாகப் பாடியபோது பாதிப் பாட்டுதான் வந்தது. வாங்குகிறவர்கள் வந்த பிறகுதான் முழுப்பாட்டு வந்தது. அந்த அமெரிக்கப் படத்தில் கொல்லர் பெரியவரையும் சேர்த்து ஏன் பிடித்தார்கள் என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது.

ஆகையால் சங்கத்துக்கு என் வேண்டுகோளைச் சுருக்கமாக வைக்கிறேன். பெரிய செலவில்லை. ஒவ்வொரு செட்டும் ஒரு ஊரை எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் அனுமதி. அப்புறம் பேர், ஊர், வயசு, தேதி, யாரிடம் கற்றது, எதைத் தானே கட்டியது. இவற்றை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பாட்டுக்கு முன்னால் பதிவு செய்யுங்கள். காகிதம் தொலையும், குரலோடு சேர்ந்தது தொலையாது.

பாடுகிறவரை மட்டும் படம் பிடிக்காதீர்கள். கேட்கிறவர், பின்பாட்டுக்காரர், குறுக்கே வரும் கோழி, எல்லாம் இருக்கட்டும். பாடும்போது "ஆஹா, ஓஹோ" என்று நாம் குரல் கொடுக்கக் கூடாது. பிறகு அதில் சினிமா இசையைச் சேர்க்கவே கூடாது!

ஒரு பிரதி அந்த வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று சங்கத்தில். ஒன்று நிலையான காப்பகத்தில். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் உண்டு. கேட்டுப் பார்ப்போம்.

கடைசியாகப் பணம். நம் விழா மேடையில் பாட வருகிறவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் பஸ் காசு கொடுத்து அனுப்பும் பழக்கம் வேண்டாம். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் பேசிக் கொடுப்பது போலப் பாட்டுக்காரருக்கும் பேசிக் கொடுப்போம்.

இதனால் யாராவது புகழ் பெறுவார்களா? தெரியாது. சலாப்ஸ்கிக்கும் தெரியாது. அந்த இருபது வயசுப் பையன் பிரபலமாகாமலே போயிருந்தாலும் அந்த மேசைப் பாட்டு நல்ல பாட்டுதான். நாளைக்குப் பேர் வரும் என்பதற்காகப் பதிவு செய்ய வேண்டாம். இன்றைக்குப் பாடுகிறார், அது போதும். அந்த அம்மாவுக்கு மார்கழிப் பனியிலிருந்து இருமல் நிற்கவில்லை. இன்னும் பதினைந்து இருபது பாட்டு மனசில் இருக்கிறது என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் போகிறோம். என்னோடு வர விரும்புகிறவர்கள் சாப்பிட்டு முடித்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போங்கள். பேர் எழுதுகிற பழக்கத்தை நம்மிடமிருந்தே ஆரம்பிப்போம்!